மழலையர் வகுப்பில் கற்றல் மூலைகள்: காலி அறையிலிருந்து ஆறாவது வாரம் வரை

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கட்டை மூலையில் தரையோடு தரையாகப் படுத்து, தான் கட்டிய பாலத்துக்கு அடியில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் இரண்டு கால்களும் ஒரே உயரம் இல்லை. மேலே வைத்த பலகை சரிந்து விழுந்தது. மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை எழுந்துபோய் அலமாரியில் தேடி, பாதி அளவுக் கட்டை ஒன்றை எடுத்துவந்து குட்டையான காலுக்கு மேலே வைத்தாள். பலகை நின்றது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து நிமிடம் சும்மா வாய்க்கவில்லை. அவள் தேடிய கட்டை அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. வேறு குழந்தைகள் அந்த வழியாக ஓடிவந்து பாலத்தைத் தட்டிவிடவில்லை. நான் இன்னொரு மூலையில் பசை டப்பாவின் மூடியைத் திறந்துகொடுப்பதில் மாட்டிக்கொள்ளவில்லை. இந்த மூன்றும் அறையை அமைக்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயங்கள்.

கற்றல் மூலை என்பது வகுப்பறைக்குள் ஒரு வகை வேலைக்கென்று ஒதுக்கிய சிறு இடம். மூன்று முதல் ஐந்து குழந்தைகள் வரை சேர்ந்து இருக்கலாம். வேண்டிய பொருள்கள் எல்லாம் அங்கேயே இருக்கும். ஒரு மூலை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: பத்து நிமிடம் நான் அந்தப் பக்கமே போகாவிட்டாலும் இது நடக்குமா? நடக்கும் என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க முடியும். முப்பது குழந்தைகளை வரிசையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தும்போது கிடைக்காதது அதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

படி 1: அறையை முழங்காலிட்டுப் பாருங்கள்

எதையும் நகர்த்துவதற்கு முன் அறை காலியாக இருக்கும்போது ஒருமுறை முழங்காலிட்டுச் சுற்றிவாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாதவை அப்போது தெரியும்: மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கண் கூசும் ஜன்னல், கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை தடையே இல்லாமல் கிடக்கும் நீளமான தரை. அந்த நீளமான தரையைக் கவனித்து வையுங்கள். நேரான பாதையைக் கண்டால் நான்கு வயதுக் கால்கள் ஓடும். "ஓடாதே" என்று நாள் முழுக்கக் கத்துவதைவிட நடுவில் ஒரு குட்டை அலமாரியைக் குறுக்கே போட்டால் போதும்.

பிறகு கட்டம்போட்ட தாளில் அறையை வரையுங்கள். ஒரு கட்டம் ஒரு அடி. கதவு, ஜன்னல், குழாய், மின் இணைப்பு நான்கையும் குறியுங்கள். இந்த நான்கும் நகராது. மற்றதெல்லாம் இவற்றுக்கு ஏற்பத்தான் அமையவேண்டும். தண்ணீர், மணல், வண்ணம் மூன்றும் குழாய்க்கு அருகே, கழுவித் துடைக்கக்கூடிய தரையில். புத்தகமும் புதிரும் வெளிச்சமும் அமைதியும் உள்ள பக்கத்தில். கட்டையும் பாவனை விளையாட்டும் (வீடு, கடை என்று நடித்து விளையாடுவது) சத்தம் உள்ளவை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நல்லது. கட்டையில் கட்டிய வீட்டுக்குப் பாவனை மூலையிலிருந்து ஆள் குடிவரும், விளையாட்டு வளரும். ஆனால் கட்டை மூலையைப் புத்தக மூலைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு கோபுரம் சரிகிற சத்தத்தில் ஐந்து குழந்தைகளின் கதை கலைந்துவிடும்.

மூலைகளைப் பிரிக்க அலமாரிகளையே தடுப்பாக வையுங்கள். உயரம் மூன்றடிக்குள் இருக்கட்டும். குழந்தைக்கு அது சுவர். உங்களுக்கு எல்லா மூலையும் நின்ற இடத்திலிருந்தே தெரியும். அலமாரி ஒவ்வொன்றையும் சுவரோடோ தரையோடோ, அது முடியாவிட்டால் இன்னொரு அலமாரியோடோ இறுக்கிப் பிணைத்துவிடுங்கள். குழந்தை ஏறும் என்று வைத்துக்கொண்டே அமைக்கவேண்டும். நடைபாதை மூன்றடி அகலம் இருந்தால் சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் தடையில்லாமல் போய்வரலாம்.

படி 2: எத்தனை மூலை, எவை?

முதல் ஆண்டு வகுப்பு எடுத்தபோது ஒன்பது மூலைகள் அமைத்தேன். முதல் நாளே ஒன்பதையும் திறந்துவிட்டேன். முற்பகலுக்குள் புதிர்த் துண்டுகள் மணல் தொட்டியில் கிடந்தன, ஒரு குழந்தை அழுதது, இரண்டு குழந்தைகள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். குழந்தைகள் மேல் தப்பே இல்லை. எதை எப்படி எடுப்பது என்று யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்கவில்லை.

கணக்கு எளிது. எல்லா மூலைகளிலும் உள்ள இடங்களைக் கூட்டினால், குழந்தைகளின் எண்ணிக்கையைவிடக் கால் பங்காவது கூடுதலாக வரவேண்டும். இருபது குழந்தைகள் என்றால் இருபத்தைந்து இடம். அதாவது நாலைந்து பேர் இருக்கக்கூடிய ஆறு மூலைகள். இருபது பேருக்கு இருபது இடம் மட்டும் இருந்தால், கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் குழந்தைக்குத் தேர்வே இருக்காது, மிஞ்சியதுதான் கிடைக்கும்.

ஆறு மூலை வைக்க முடிந்தால் என் தேர்வு இது: கட்டை, பாவனை விளையாட்டு, வாசிப்பு, வரைதலும் எழுதுதலும், புதிரும் எண்ணும், மணலும் தண்ணீரும். இடம் நெருக்கடியாக இருந்து ஒன்றைக் கைவிட நேர்ந்தாலும் கட்டை மூலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

இன்று உலகம் முழுக்க மழலையர் வகுப்புகளில் பார்க்கும் அலகுக் கட்டைகளை வடிவமைத்தவர் கரோலின் பிராட். 1914-ல் நியூயார்க்கில் சொந்தமாகப் பள்ளி தொடங்கிய ஆசிரியை அவர். அவருடைய அடிப்படைக் கட்டை ஐந்தரை அங்குல நீளம், இரண்டே முக்கால் அங்குல அகலம், ஒன்றும் எட்டில் மூன்று பங்கும் (1 3/8) அங்குலக் கனம், அதாவது ஏறக்குறைய 14, 7, 3.5 சென்டிமீட்டர். கனத்தைப்போல் இரண்டு மடங்கு அகலம். அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம். மற்ற கட்டைகள் இதன் பாதி, இரட்டிப்பு, நான்கு மடங்கு. இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு முழு என்பதை யாரும் வாயால் சொல்லிக்கொடுக்கவேண்டாம். கட்டை தீர்ந்துபோகும்போது குழந்தையே அதைக் கண்டுபிடிக்கும். முதலில் சொன்ன சிறுமி செருகிய அந்தப் பாதிக் கட்டை அப்படி வந்ததுதான். அதனால்தான் வண்ணம் பூசிய, கண்டபடி அளவுள்ள கட்டைகளைவிட அளவு பொருந்தும் வெறும் மரக்கட்டைகளை வாங்கச் சொல்கிறேன்.

குழந்தைகள் கட்டையை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஹாரியட் ஜான்சன் என்ற ஆசிரியை 1930-களிலேயே அதைப் படிப்படியாக எழுதிவைத்தார். முதலில் வெறுமனே தூக்கிக்கொண்டு அலைவார்கள். பிறகு வரிசையாக அடுக்குவார்கள், கோபுரம் எழுப்புவார்கள். அப்புறம் பாலம்: இரண்டு கட்டைக்கு நடுவே இடம் விட்டு மேலே ஒன்றை வைப்பது. அடுத்து நாலு பக்கமும் அடைத்த இடம். அதற்குப் பிறகுதான் அலங்கார ஒழுங்கு, கட்டியதற்குப் பெயர், கடைசியாக நிஜக் கட்டடங்களைப்போலக் கட்டி அதற்குள் கதை விளையாடுவது. இந்த வரிசை தெரிந்திருந்தால், கட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து "இவன் எதுவுமே கட்டமாட்டேங்கிறான்" என்று கவலைப்படமாட்டீர்கள். அவன் இருக்கவேண்டிய படியில்தான் இருக்கிறான்.

கட்டை மூலைக்குத் தட்டையான, முடி குட்டையான விரிப்பு ஒன்று வேண்டும். சத்தம் குறையும், கட்டடமும் ஆடாது. அலமாரியிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தரையில் வண்ண நாடா ஒட்டி, அதற்கு அப்பால்தான் கட்டவேண்டும் என்று வையுங்கள். கட்டை எடுக்க வருகிறவர்கள் மற்றவர் கட்டடத்தை இடிப்பது பெரும்பாலும் அந்த நாடாவோடு நின்றுவிடும்.

மற்ற மூலைகளுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாவனை மூலையில் நிஜப் பாத்திரம், நிஜப் பழைய கைப்பை, துணி, கண்ணாடி; பிளாஸ்டிக் பொம்மைச் சாமான்களைவிட இவற்றோடு விளையாட்டு நெடுநேரம் நீளும். வாசிப்பு மூலையில் புத்தகங்களின் முன்னட்டை தெரியும்படி நிறுத்துங்கள். முதுகைப் பார்த்துத் தேட இந்த வயதில் தெரியாது. வரைதல் மூலையில் இப்படித்தான் நிரப்பவேண்டும் என்று அச்சிட்ட தாள்களைவிட வெறும் தாளே அதிகம் இருக்கட்டும். இடது கைப் பழக்கம் உள்ள குழந்தைக்கு அதற்கென்று உள்ள கத்தரிக்கோல் ஒன்றாவது வேண்டும். புதிர் மூலையில் எளியது, நடுத்தரம், கடினம் மூன்றும் கலந்திருக்கவேண்டும். மணல் தொட்டியை மேசைமேல் வைத்தால் தரையில் உட்கார முடியாத குழந்தையும் கலந்துகொள்ளும்.

படி 3: பொருளைக் குறையுங்கள், அலமாரியைத் திறந்து வையுங்கள்

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, கற்றல் பொருள்கள் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஆசிரியைதான் எடுத்துக்கொடுப்பார். ஒருநாள் அவர் பூட்ட மறந்துபோனார். வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களாகவே வேண்டியதை எடுத்து வேலையில் இறங்கியிருந்தார்கள். ஆசிரியை அதைத் தவறாக எடுத்துக்கொண்டார். மாண்டிசோரியோ, எந்தப் பொருள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் குழந்தைகளுக்கு அவை பழகிவிட்டன என்று புரிந்துகொண்டார். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது.

திறந்த அலமாரி என்றால் நிறைந்த அலமாரி அல்ல. ஒரு தட்டில் நான்கைந்து வகைக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ளங்கை அகலம் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித் தட்டு அல்லது மூடியில்லாக் கூடை. புதிரைத் தட்டோடு தூக்கிப்போய் தட்டோடு திருப்பி வைக்கலாம் என்றால் ஒரு துண்டும் தொலையாது. மிச்சப் பொருள்களை உங்கள் பூட்டிய அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அவை பின்னால் உதவும்.

திருப்பி வைக்கும் இடத்தைக் குழந்தையே கண்டுபிடிக்கவேண்டும். கூடைமேல் பொருளின் புகைப்படமும் கீழே பெரிய எழுத்தில் பெயரும், அலமாரித் தட்டில் அதே புகைப்படம். கட்டைகளுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. ஒவ்வொரு வகைக் கட்டையையும் வண்ணத்தாளில் வைத்து விளிம்பை வரைந்து, வெட்டி, அலமாரியில் அந்தக் கட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டிவிடுங்கள். அடுக்கும் நேரம் அப்புறம் பொருத்திப் பார்க்கும் விளையாட்டாகிவிடும்.

சுவர் விஷயத்தில் கையை அடக்கிக்கொள்ளுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சுவர் நிறையப் படமும் அட்டையுமாக இருந்த அறையில் மழலையர் வகுப்புக் குழந்தைகளின் கவனம் அதிகம் சிதறியது. வெறுமையான சுவர் உள்ள அறையில் அதே குழந்தைகள் பாடத்தைக் கூடுதலாகக் கற்றுக்கொண்டார்கள். கடையில் வாங்கிய அட்டைகளைக் கழற்றிவிட்டு, குழந்தைகள் வரைந்ததை அவர்கள் கண் உயரத்தில், கொஞ்சமாக ஒட்டுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. மூன்று வயதுக்குக் கீழ் ஒரு குழந்தை இருந்தாலும், 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் எதையும் அறையில் வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மை என்றால் அதன் மூடி திருகாணியால் பூட்டியிருக்கவேண்டும். சிறு காந்தங்கள், ஊதாத பலூன் இரண்டும் எந்த மூலைக்கும் வேண்டாம். சில சென்டிமீட்டர் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடும். ஆகவே தண்ணீர்த் தொட்டி பெரியவர் கண்ணெதிரே மட்டும். வேலை முடிந்த உடனே கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

படி 4: யார் எங்கே என்பதை அறையே சொல்லட்டும்

ஒவ்வொரு மூலையின் வாசலிலும் அங்கே எத்தனை பேர் இருக்கலாமோ அத்தனை கொக்கி. ஒவ்வொரு குழந்தைக்கும் புகைப்படம் ஒட்டிய அட்டை. உள்ளே போகும்போது அட்டையை மாட்டவேண்டும். வெளியே வரும்போது எடுத்துக்கொள்ளவேண்டும். கொக்கி காலியாக இல்லை என்றால் இடம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இது புரியும். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் பாவனை மூலைக்குள் நுழையப் போனான். உள்ளே இருந்தவள் அவனைத் தள்ளவில்லை, என்னிடம் புகார் சொல்லவும் வரவில்லை. கொக்கியைக் காட்டி, "நாலும் ஃபுல்லா இருக்கு பாரு. நான் முடிச்சதும் உன்னக் கூப்பிடறேன்" என்றாள். முடித்ததும் நிஜமாகவே போய்க் கூப்பிட்டாள்.

சுழற்சி முறையில், மணி அடித்ததும் குழுக்குழுவாக அடுத்த மூலைக்கு மாற்றுவது பல இடங்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு குழந்தை பொருளை எடுத்து, சுற்றிலும் பார்த்து, வேலையில் மூழ்கவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பதினைந்தாவது நிமிடம் மணி அடித்தால் மூழ்கிய குழந்தையைப் பிடுங்கி எடுப்பதுபோல. மூலை நேரத்தைத் துண்டு போடாமல் நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஒரே நீளமாக விடுங்கள். குழந்தை தானே மாறிக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் டேவிட் வெய்கார்ட்டும் அவருடைய குழுவினரும் 1960-களில் இப்சிலாண்டி என்ற ஊரில் வளர்த்தெடுத்த ஹைஸ்கோப் முறையில் ஓர் அழகான வரிசை இருக்கிறது: திட்டமிடு, செய், திரும்பிப் பார். தொடங்கும் முன் "எங்கே போகப்போறே, என்ன செய்யப்போறே?" என்று கேட்பது, முடிந்ததும் என்ன செய்தாய் என்று சொல்லவைப்பது. இருபது பேரையும் தினமும் கேட்க நேரம் இருக்காது. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு எல்லோருக்கும் வாய்ப்பு வரும்.

படி 5: ஒவ்வொன்றாகத் திறங்கள்

முதல் வாரம் இரண்டே மூலை: புதிரும் வரைதலும். மற்ற அலமாரிகளைத் துணியால் மூடிவையுங்கள். துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற ஆவல் அடுத்த வாரத்துக்கு உதவும். இடம் போதாதவர்களுக்கு நடுவில் விரிப்புப் போட்டு, கூடைகளில் எளிய பொருள்களைக் கொடுங்கள். இரண்டாவது வாரம் வாசிப்பும் கட்டையும், மூன்றாவது வாரம் பாவனை, நான்காவது அல்லது ஐந்தாவது வாரம் மணலும் தண்ணீரும். கொக்கியும் அட்டையும் நான்கு மூலை ஆன பிறகுதான்.

திறக்கும் ஒவ்வொரு மூலையையும் எல்லோரும் பார்க்க, பேச்சைக் குறைத்து, மெதுவாகச் செய்துகாட்டுங்கள். தட்டை இரண்டு கையால் பிடிப்பது. மேசையில் வைப்பது. வேலை. திரும்ப அடுக்குவது. அதே இடத்தில் வைப்பது. பிறகு ஒரு குழந்தையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பசை டப்பா மூடுவதையே நான் ஒரு நாள் முழுதும் பழக்கியிருக்கிறேன்: திருகு, "டக்" என்று சத்தம் வருகிறவரை. அந்தச் சத்தம் கேட்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஆண்டு ஒரு டப்பாகூடக் காயவில்லை.

நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு மூலைக்கும் நடந்துபோய் மெல்லிய குரலில் சொல்லுங்கள். கட்டி முடிக்காத கட்டடத்தை இடித்துத்தான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். "இன்னும் முடியவில்லை" என்று எழுதிய அட்டை நாலைந்து வைத்திருங்கள். அது இருந்தால் நாளைவரை யாரும் தொடக்கூடாது.

படி 6: நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?

ஆறாவது வாரத்தில் அறை தன்பாட்டில் ஓடத் தொடங்கும். உங்கள் உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மூலை, அதில் இரண்டு குழந்தைகள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதுங்கள். "நன்றாக விளையாடினான்" என்ற குறிப்பால் பயனில்லை. "சிவப்பு மூடி ஏழையும் எண்ணினான், ஐந்துக்குப் பிறகு ஆறை விட்டுவிட்டான்" என்றால் அடுத்த வாரம் புதிர் மூலையில் என்ன வைக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்பதைக் குறையுங்கள். "இது என்ன கலர்?" என்று கேட்டால் அவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பரீட்சைக்கு வந்துவிடுவார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: "இந்தப் பக்கம் பெரிய கட்டை வச்சிருக்கே, அந்தப் பக்கம் ரெண்டு சின்னது வச்சிருக்கே." இதற்கு மேல் பெரும்பாலும் அவர்களே பேசுவார்கள்.

"விளையாடிக்கிட்டே இருந்தா எப்போ எழுதக் கத்துக்குவாங்க?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விளக்கம் சொல்லாமல் குறிப்பேட்டைத் திறந்து காட்டுங்கள். பாவனை மூலையில் கடைக்காரியாக இருந்த மகள் கிறுக்கிக் கொடுத்த ரசீதை, மூன்று மாதத்துக்கு முந்தையதையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பெயரின் முதல் எழுத்து எப்போது வந்தது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

படி 7: எப்போது மாற்றுவது?

நாள்காட்டியைப் பார்த்து மாற்றவேண்டாம். குழந்தைகளைப் பார்த்து மாற்றுங்கள். மூன்று நாளாக யாரும் போகாத மூலை, பொருள் மாற்றக் கேட்கிறது. சண்டை மூளும் மூலையில் பெரும்பாலும் ஒரு பொருள்தான் குறைச்சல். விரும்பியது ஒன்றே ஒன்று இருந்தால் இரண்டாக்குங்கள். பொருளை எறிகிறார்கள் என்றால் வேலை மிக எளிது, அல்லது மிகக் கடினம். எது என்று உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மூலை, அதிலும் பாதிப் பொருள் பழையதே இருக்கட்டும். புதிய இடத்தில் குழம்பிப்போகும் குழந்தைகள், குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்கள், முன்கூட்டியே படத்தைக் காட்டிச் சொன்னால் நிம்மதியாக இருப்பார்கள்.

நிலையான அலமாரிக்கே இடம் இல்லாத வகுப்புகள் நிறைய. அப்படியானால் மூலையைப் பெட்டிக்குள் வையுங்கள். மூடியுள்ள ஆறு பெட்டி, ஆறு நிறப் பாய். பெட்டியின் நிறமும் பாயின் நிறமும் ஒன்று. பாயை விரித்தால் மூலை; சுருட்டினால் வகுப்பறை. விரிக்கும் வேலையும் சுருட்டும் வேலையும் குழந்தைகளுடையதே.

வாரக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காய்ந்த பேனா, கிழிந்த பக்கம், துண்டு குறைந்த புதிர் எதுவாக இருந்தாலும் அன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிடவேண்டும். முடிக்க முடியாத புதிரை முடிக்கப் பார்த்துத் தோற்கும் குழந்தை, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். கதவருகே ஒரு சிறு டப்பா வையுங்கள், தரையில் கிடக்கும் துண்டுகளுக்கு. எந்தத் துண்டு எந்தப் புதிருடையது என்று தேடிச் சேர்க்கும் வேலையை வாரத்துக்கு இரண்டு குழந்தைகளிடம் கொடுங்கள். என் வகுப்பில் அந்த வேலைக்குத்தான் எப்போதும் போட்டி.